சாமியார் வாங்கிய பர்பன்

எங்கள் டெப்போவில் அவருக்குச் சாமியார் என்று பெயர். தாடி கிடையாது, சடை கிடையாது. மழுமழுவென்று சவரம் செய்த முகமும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வருவார். குடி இல்லை, புகை இல்லை, சீட்டாட்டம் இல்லை, டீ கூட அரை கிளாஸ்தான். பேருந்து ஓட்டுகிற கூட்டத்தில் இப்படி ஒருத்தர் இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவரும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். "சாமியார் வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்கடா" என்று எவனாவது கத்தினால், கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவார்.

வண்டியில் ஏறுமுன் ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் ஒரு தட்டு தட்டுவார். பிறகு முன்கண்ணாடியைத் துடைப்பார். கழுவுகிற ஆள் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாலும் மறுபடி துடைப்பார். "அவன் தொடச்சது அவன் கண்ணுக்கு. நான் தொடைக்கிறது என் கண்ணுக்கு" என்பார். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் நின்றுவிடுவார். பின்னால் இருக்கிற பயணிகள் முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாய்க்குட்டி கூட அவர் வண்டியில் அடிபட்டதில்லை. அவருக்கு வண்டிதான் எல்லாம். லீவு நாளில் கூட மதில் ஓரமாக வந்து நின்று, தன் வண்டியை வேறு யார் எப்படித் திருப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவார்.

நான் அங்கே டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது என்று எழுதுவது என் வேலை. அதற்கு முன் ஒவ்வொரு ஓட்டுநரையும் மிஷினில் ஊதச் சொல்லிப் பார்ப்பதும் என் வேலை. உள்ளங்கை அளவு மிஷின். குழாயில் ஊதினால் எண் ஒன்று வரும், பக்கத்தில் கடுகளவு விளக்கு எரியும். பச்சை என்றால் வண்டி எடுக்கலாம். சிவப்பு என்றால் வீட்டுக்குப் போக வேண்டும், விசாரணை வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டெப்போவிலேயே நாக்கு நீளமான குடிகாரன் நான்தான். குடிக்கிறவர்களைப் பிடிக்கக் குடிக்கிறவனையே உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த மிஷினால் எனக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் என் சிநேகிதன் ஒருத்தனுக்குச் சிவப்பு வந்தது. வாயைக் கழுவிவிட்டு ஊது, மறுபடி கழுவிவிட்டு ஊது என்று பச்சை வரும்வரை நாலு தடவை ஊத வைத்தேன். மேனேஜர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "சிவப்பு வந்தா வந்ததுதான். நான் பக்கத்துல இல்லாம நீ ரெண்டாவது தடவை ஊத வச்சது தெரிஞ்சுது, அன்னைக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர்.

இப்படி இருக்கும்போதுதான் சாமியார் ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து அசடு வழிய நின்றார்.

"தம்பி, உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"இந்த பர்பன் பர்பன்னு சொல்றாங்களே, அது என்ன?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையனின் அப்பா கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து துறைமுகத்தில் தண்ணி குடித்தவர். முதல் தடவை இவர்கள் போனபோது அந்த மனிதர் அலமாரியைத் திறந்து, பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு பர்பன் பாட்டிலை எடுத்து, இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை இவர் கையில் கொடுத்திருக்கிறார். நம்ம ஆள் வழக்கம்போல "எனக்கு வேண்டாங்க, நாளைக்கு வண்டி இருக்கு" என்று சொல்லி கிளாஸை மேசையில் வைத்துவிட்டார். அவர் இன்னொரு தடவை கொடுக்க, இவர் இன்னொரு தடவை வைக்க, கப்பல்காரர் முகம் சுண்டிப் போய்விட்டது. "எங்களை எல்லாம் குடிகாரக் குடும்பம்னு நெனச்சுட்டீங்க போல" என்று சொல்லிவிட்டு அப்புறம் வாயே திறக்கவில்லையாம்.

"திரும்பி வரும்போது பஸ்ஸுல என் பொண்ணு ஒரு வார்த்தை பேசலை தம்பி. ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா. எறங்கும்போது மட்டும், 'ஒரே ஒரு கிளாஸ்தானேப்பா'ன்னா. அஞ்சு வாரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டிருக்காங்க. அடுத்த நாளும் சேத்து லீவு போட்டுட்டுப் போயி, ஒரு கிளாஸ் குடிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா குடிச்சவுடனே இருமிக் கிருமி, மூஞ்சியச் சுளிச்சு வச்சா இன்னும் கேவலமாப் போயிடும். அதான் முன்னாடியே கொஞ்சம் பழகிக்கலாம்னு."

ஐம்பத்து நாலு வயது மனிதர் மகளுக்காக இருமாமல் குடிக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என்னிடம் எவனும் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை.

அன்று சாயங்காலமே அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் முழுக்கப் பாட்டில்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தட்டிவிடக் கூடாது என்று ஒடுங்கி ஒடுங்கி நடந்தார். நான் பெரிய நிபுணன் மாதிரி ஆரம்பித்தேன். பர்பன் என்பது பாதிக்கு மேல் மக்காச்சோளத்தில் செய்கிற விஸ்கி, உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது மரப்பீப்பாயில் ஊற வைப்பார்கள், அதனால்தான் அந்த நிறமும் லேசான தித்திப்பும் என்று சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எக்ஸ்பைரி தேதி எங்க போட்டிருக்கு?"

கல்லாவில் இருந்தவர் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அதெல்லாம் கெட்டுப் போகாதுண்ணே. நீங்க இந்த நம்பரைப் பாருங்க, சாராயம் எத்தனை சதவீதம்னு. ஐம்பதுன்னு போட்டிருந்தா தொடவே தொடாதீங்க, தொண்டை எரிஞ்சு போயிடும். நாப்பது, நாப்பத்தி மூணு, அதுக்குள்ள இருக்கட்டும். அப்புறம், சோளத்தோட கோதுமை சேர்த்தது சாதுவா இருக்கும். ரைன்னு இன்னொரு தானியம், அது சேர்த்தது சுருக்குன்னு இருக்கும்."

"சாதுவே குடு. விலை?"

மேல்தட்டில் இருந்ததெல்லாம் ஆனை விலை. கீழ்த்தட்டில் இருந்தது வயிற்றைக் கலக்குகிற விலை. கல்லாக்காரர் நடுத்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "புதுசா ஆரம்பிக்கிறவங்க இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. இதமா இருக்கும். ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டீங்கன்னா எரிச்சலே தெரியாது. விலையும் கையைக் கடிக்காது." கோதுமை சேர்த்தது, நாற்பத்து மூன்று. சாமியார் லேபிளில் இருந்த எல்லா எழுத்தையும், வண்டியின் தகுதிச் சான்றிதழைப் படிப்பதுபோல நின்று படித்துவிட்டுத்தான் வாங்கினார். பையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, வெடிகுண்டு தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வழியில் நான் வாயைச் சும்மா வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

"முதல்ல முழுங்காதீங்கண்ணே. ஒரு மடக்கு வாயில வச்சு, நாலு பக்கமும் சுத்தவிட்டுத் துப்பிடுங்க. நாக்கு பழகிட்டா தொண்டை தானா பழகிடும். ருசி பாக்குறதையே தொழிலா வச்சிருக்கவங்க எல்லாம் அப்படித்தான். அதுவும் காலையில, வாய்க்கு ருசி எதுவும் படாம இருக்குறப்பதான் பாப்பாங்க."

இதை நான் எங்கோ படித்திருந்தேன். இந்த மாதிரி விஷயங்களை எடுத்துவிடுவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். கேட்கிறவர், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் என்பது தெரிந்தும் சொன்னேன்.

அந்த வாரம் அவருக்கு லீவு. தினமும் காலையில், அண்ணி அடுப்படியில் இருக்கும்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மடக்கை வாயில் வைத்துச் சுழற்றித் துப்பியிருக்கிறார். முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். மூன்றாம் நாள் ஏதோ வெல்லப்பாகு வாசம் தெரிந்ததாம். "தம்பி, நீ சொன்னது சரிதான், அடியில ஒரு தித்திப்பு இருக்கு" என்று என்னைத் தேடி வந்து சொன்னார். அப்போது கூட என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்று முதல் வண்டி அவருடையது. ஐந்து நாற்பதுக்கு எடுக்க வேண்டும். அவர் வீடு டெப்போ மதிலை ஒட்டிய குடியிருப்பில். வாசலிலிருந்து என் மேசைக்கு நாலு நிமிட நடை. வந்தார், சிரித்தார், ஊதினார்.

சிவப்பு.

மிஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். பின்னால் வரிசையில் அவருடைய கண்டக்டரும் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் நின்றிருந்தார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். "டேய், சாமியாருக்கே சிவப்புடா!" நிமிடத்தில் டெப்போ முழுக்கக் கூடிவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னைக்கும் பழகினீங்களா?" என்று வாய்க்குள் கேட்டேன்.

"ஆமா. ஆனா முழுங்கலையே தம்பி. ஒரு சொட்டு கூட உள்ள போகலை. முழுங்கினாதானே குடிச்ச கணக்கு?"

அவர் மனதார அப்படித்தான் நம்பியிருந்தார். வாயில் பட்டது பதினைந்து இருபது நிமிடத்துக்கு மிஷினில் காட்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். தினமும் அந்த மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். இத்தனை பேர் பார்த்தபிறகு வேறு வழியில்லாமல் பதிவேட்டில் எழுதினேன். அவர் வண்டியை வேறு ஒருத்தர் எடுத்துக்கொண்டு போனார். சாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மனசு கேட்கவில்லை. அவரை டயர் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அரை மணி நேரம் கழித்து, யாருக்கும் தெரியாமல் மறுபடி ஊதச் சொன்னேன். பூஜ்யம். பச்சை. சுத்தமான பச்சை. அந்த நொடியில் வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. மிஷினைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

விசாரணை நாலு நாள் கழித்து நடந்தது. மேனேஜர் மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"முழுங்கலை சார், துப்பிட்டேன்" என்றார் சாமியார்.

"மாட்டினவன் எல்லாம் இதைத்தான் சொல்றான். யார் கத்துக்குடுத்தது உங்களுக்கு?"

"யாரும் இல்லை சார். நானாத்தான்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சிவப்பு வந்ததுக்கு அப்புறம் வேற ஏதாவது நடந்துச்சா?"

ஒரே ஒரு வார்த்தை. அரை மணி நேரம் கழித்துப் பச்சை வந்தது என்று சொன்னால், ராத்திரி குடித்துவிட்டு வந்தவரில்லை இவர் என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிடும். அவர் தலை நிமிர்ந்து வெளியே போவார். நான் வேலையில்லாமல் வெளியே போவேன்.

"இல்லை சார்" என்றேன்.

சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னவோ கேட்கப் போவதுபோல வாயைத் திறந்து மூடினார். பிறகு இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இத்தனை வருடப் பெயரை நினைத்து ஒரு மாதம் தற்காலிக நீக்கம், ஒரு எச்சரிக்கை, அதோடு முடித்தார்கள். நான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம்தானே, ஓடிப்போகும். அப்புறம் பழையபடி கண்ணாடி துடைத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுவார். என் வேலை போயிருந்தால் போனதுதான். இப்படித் தினமும் பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. குடி மட்டும் இறங்கியது.

சம்பந்தி வீட்டுக்குப் போகிற நாள் அந்த மாதத்துக்குள்ளேயே வந்தது. "நீயும் வா தம்பி. நான் ஏதாவது சொதப்பினா பக்கத்துல நீ இருக்கலாம்" என்று கூப்பிட்டார். அண்ணிக்குக் காய்ச்சல், மகள் மட்டும் கூட வந்தாள். எப்படி மறுப்பது? போனேன்.

மத்தியான நேரம். கூடத்தில் பெரிய ஜன்னல், சுவரில் கப்பல் படம், நடுவில் கண்ணாடி மேசை. கப்பல்காரர் பாட்டிலை எடுத்து ஊற்றினார். சாமியார் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், சின்னதாக ஒரு வாய் எடுத்து, நாக்கில் நிறுத்தி, மெல்ல விழுங்கினார். இருமல் இல்லை. முகம் சுளிக்கவில்லை.

"இது கோதுமை சேர்த்தது இல்லை போல. கொஞ்சம் சுருக்குன்னு இருக்கு" என்றார்.

கப்பல்காரர் துள்ளிக் குதிக்காத குறை. "அடேயப்பா! இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டா அன்னைக்கு அப்படி ஓடினீங்க? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க." சம்பந்தி என்ற வார்த்தை வந்ததும் மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் நெஞ்சு லேசானது. போகட்டும், இது ஒன்றாவது நல்லபடியாக முடிந்ததே என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு ஊத்தட்டுமா? இல்ல, நாளைக்கு வண்டி இருக்கா?" என்று கப்பல்காரர் கேலியாகக் கேட்டார்.

"இல்லைங்க. இனிமே வண்டி இல்லை."

மகள் திரும்பினாள். "அடுத்த வாரம் சேரணுமேப்பா?"

"சேருவேன்மா. கழுவுற பக்கம் போட்டுடுங்கன்னு முந்தாநாள் எழுதிக் குடுத்துட்டேன். லைசென்ஸையும் குடுத்துட்டேன்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "எனக்குக் கண்ணு சரியில்லை."

"என்னண்ணே சொல்றீங்க?" என்றேன்.

"அன்னைக்கு டயர் ரூம்ல ரெண்டாவது தடவை ஊதினேன்ல தம்பி, பச்சை எரிஞ்ச மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. சத்தியமா பச்சைன்னுதான் நெனச்சேன். ஆனா விசாரணைல நீ வேற ஒண்ணும் நடக்கலைன்னுட்ட. பச்சையா இருந்திருந்தா நீ சொல்லியிருப்ப. அப்போ எரிஞ்சது சிவப்புதான். செவப்பைப் பாத்துப் பச்சைங்குது இந்தக் கண்ணு. இதை வச்சுக்கிட்டு ரோட்டுல அம்பது பேரை ஏத்திக்கிட்டு எப்படிப் போறது? நாளைக்கு எவனையாவது ஏத்திட்டா?"

இருபத்தாறு வருடம் நம்பிய தன் கண்ணை விட்டுவிட்டு அவர் என்னை நம்பியிருக்கிறார். ஒரு குடிகாரனை. கப்பல்காரர் என்னைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். இப்போதும் சும்மா இருந்துவிடலாம். ஒன்றும் குடிமுழுகிவிடாது. அவர் பாட்டுக்கு ஓய்வு வரை வண்டி கழுவிக்கொண்டிருப்பார்.

"பச்சைதாண்ணே" என்றேன்.

"என்ன?"

"ரெண்டாவது தடவை பச்சைதான் எரிஞ்சுது. பூஜ்யம். உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லை."

அவர் முதலில் சந்தோஷப்பட்டார். அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியாம்மா, பச்சைதானாம். அப்பா கண்ணு நல்லாத்தான் இருக்காம்" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போகிற பக்கம் அவரும் மெல்லத் திரும்பினார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு போய்விட்டது.

"பச்சைன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சுக்கிட்டேதான் எம் பக்கத்துல உக்காந்து இல்லைன்னு சொன்னியா?"

ஆமாம் என்று சொன்னேன்.